அனுதின தியானத்தில் முதலில் பேசுகிறவர் யார்? – வாசகர் கேள்வி பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பகுதி அனுதின தனித் தியானத்தைப் பற்றியதாகவே இருந்தது. ஆகவே மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவைத்துவிட்டு, இந்தப் பகுதி முழுவதையும் அதற்கே கொடுத்திருக்கிறோம். எழுதியவர்களின் பெயர்களை வெளியிடவில்லை, கடிதங்களைச் சுருக்கியிருக்கிறோம்.

கேள்வி: நான் ஞாயிறு ஆராதனைக்குத் தவறாமல் செல்கிறேன். வீட்டில் இரவு குடும்ப ஜெபமும் உண்டு. இதற்கு மேல் ஒவ்வொரு நாளும் தனியாக வேதம் வாசித்து ஜெபிக்கவேண்டும் என்று எங்கள் போதகர் வற்புறுத்துகிறார். அப்படி ஒரு கட்டளை வேதத்தில் எங்கே இருக்கிறது?

பதில்: "தினமும் காலையில் எழுந்து இத்தனை அதிகாரம் வாசி, இத்தனை நிமிடம் ஜெபி" என்று சொல்லும் வசனம் வேதத்தில் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. இல்லாத கட்டளையை இருப்பதாகச் சொல்லி விசுவாசிகளின் மனச்சாட்சியைக் கட்டுவது சரியல்ல. ஒருவர் தம் சொந்த வேதாகமத்தைத் திறந்துவைத்துத் தனியாக உட்காரும் இன்றைய வழக்கமும் சபை வரலாற்றில் பிந்தி வந்ததுதான். 15ஆம் நூற்றாண்டின் நடுவில் அச்சு இயந்திரம் வரும்வரை வேதாகமம் முழுவதையும் கையால்தான் படியெடுத்தார்கள். சாதாரண மக்களின் வீட்டில் அது இருக்கவே வாய்ப்பில்லை. அதற்குப் பிறகும் அது எளியவர்களின் கைக்கு வந்துசேரப் பல தலைமுறைகள் ஆயின.

ஆனால் அந்த நூற்றாண்டுகளில் வாழ்ந்த விசுவாசிகள் ஞாயிற்றுக்கிழமையோடு நிறுத்திக்கொண்டார்கள் என்று எண்ணவேண்டாம். ஆதிச்சபையின் போதனைகளைத் தொகுத்துத் தரும் 'திதகே' என்ற பழமையான சிறு நூல், கர்த்தருடைய ஜெபத்தை ஒரு நாளில் மூன்று முறை சொல்லும்படி விசுவாசிகளுக்குக் கற்பிக்கிறது. ஆராதனையில் காதால் கேட்ட வசனத்தையும் மனப்பாடமாக்கிய சங்கீதத்தையும் அவர்கள் வேலைக்கும் படுக்கைக்கும் தங்களோடு எடுத்துச் சென்றார்கள். தானியேல் தன் மேலறையில் தினம் மூன்று வேளையும் முழங்காற்படியிட்டான் (தானியேல் 6:10). பெரேயா பட்டணத்தார் கேட்ட வசனம் மெய்தானா என்று தினந்தோறும் வேதவாக்கியங்களை ஆராய்ந்து பார்த்தார்கள் (அப்போஸ்தலர் 17:11). வடிவம் காலத்துக்குக் காலம் மாறியிருக்கிறது. நாள்தோறும் தேவனோடு தனித்திருக்கும் வழக்கம் எந்தக் காலத்திலும் அற்றுப்போகவில்லை.

இவை எல்லாவற்றையும்விட எனக்குப் பெரிதாகத் தெரிவது மாற்கு முதலாம் அதிகாரத்தில் இருக்கிறது. முந்தின நாள் மாலை, சூரியன் அஸ்தமித்தபின், பட்டணத்தார் எல்லாரும் வீட்டு வாசலுக்கு முன்பாகக் கூடிவந்திருந்தார்கள். பலவிதமான வியாதியஸ்தரை இயேசு சொஸ்தமாக்கினார். அப்படிப்பட்ட ஒரு நாளுக்குப் பிறகு யாரும் விடியும்வரை தூங்கத்தான் விரும்புவார்கள். அவரோ "அதிகாலையில், இருட்டோடே எழுந்து புறப்பட்டு, வனாந்தரமான ஓரிடத்திற்குப்போய், அங்கே ஜெபம்பண்ணினார்". சீமோன் தேடிக் கண்டுபிடித்து, எல்லாரும் உம்மைத் தேடுகிறார்கள் என்று சொல்லுகிறான். ஊரே கேட்கும்போது திரும்பிப்போவதுதான் நியாயம் என்று சீஷர்களுக்குத் தோன்றியிருக்கும். ஆனால் இயேசு, அடுத்த ஊர்களுக்குப் போவோம் வாருங்கள், "இதற்காகவே புறப்பட்டுவந்தேன்" என்கிறார். கூட்டத்தின் விருப்பம் ஒன்றாகவும் பிதாவின் சித்தம் வேறொன்றாகவும் இருந்த அந்தக் காலைப்பொழுதில், எதற்கு இணங்கவேண்டும் என்பது அவருக்குத் தெளிவாக இருந்தது. அந்தத் தெளிவோடு அவர் எழுந்துவந்தது ஜெபத்திலிருந்து என்பதை நாம் கவனிக்காமல் போகக்கூடாது. தேவனுடைய குமாரனுக்கே தேவைப்பட்ட தனிமை நமக்குத் தேவைப்படாது என்று எப்படிச் சொல்லமுடியும்?

உங்கள் குடும்ப ஜெபமும் ஆராதனையும் குறைந்தவை அல்ல. கர்த்தர் கற்றுக்கொடுத்த ஜெபமே "எங்கள் பிதாவே" என்றுதான் தொடங்குகிறது. அறைக்குள் தனியாக ஜெபிக்கிறவரும் சபையோடு சேர்ந்துதான் ஜெபிக்கிறார். ஆனால் சபையில் உட்காரும்போது போதகர் நமக்காக வசனத்தைத் தேர்ந்தெடுக்கிறார், மற்றவர்களின் பாட்டு நம்மையும் தூக்கிக்கொண்டு போகிறது, நம் சோர்வை யாரும் கவனிப்பதில்லை. கதவைப் பூட்டிக்கொண்டு உட்காரும்போது அந்தத் துணைகள் ஒன்றும் இல்லை. அங்கே தேவன் உங்களிடம் பேசுகிறார், நீங்கள்தான் பதில் சொல்லவேண்டும். உங்கள் போதகர் கேட்பது இந்தப் பதிலைத்தான் என்று நினைக்கிறேன்.

கேள்வி: வேதாகமத்தை முழுவதும் வாசிக்கவேண்டும் என்று ஒவ்வொரு ஆண்டும் ஆதியாகமத்தில் தொடங்குகிறேன். லேவியராகமத்துக்கு வந்ததும் நின்றுவிடுகிறது. எனக்கு ஜெபிக்கவும் சரியாகத் தெரியாது. எப்படித்தான் தொடங்குவது?

பதில்: ஆதியாகமத்தில் 50 அதிகாரங்களும் யாத்திராகமத்தில் 40 அதிகாரங்களும் முடித்த பிறகுதான் லேவியராகமம் வருகிறது. அவ்வளவு தூரம் ஒவ்வொரு முறையும் வந்திருக்கிறீர்கள். உங்களுக்கு வாஞ்சை இல்லை என்று யாரும் சொல்லமுடியாது. புதிதாகத் தொடங்குகிறவருக்கு அந்த வழி கடினமானது, அவ்வளவுதான். வேதாகமத்தில் மொத்தம் 1,189 அதிகாரங்கள் இருக்கின்றன. ஓராண்டில் முடிக்கவேண்டுமானால் நாளொன்றுக்கு மூன்று அல்லது நான்கு அதிகாரங்கள் வாசிக்கவேண்டும். அது நல்ல பழக்கம்தான், ஆனால் முதல் பழக்கமாக இருக்கவேண்டிய அவசியமில்லை. புதிய ஏற்பாட்டில் இருப்பவை 260 அதிகாரங்கள். வாரத்தில் ஐந்து நாள் ஓர் அதிகாரம் வீதம் வாசித்தாலே ஓராண்டில் முடிந்துவிடும். மாற்கு சுவிசேஷத்தில் 16 அதிகாரங்களே உண்டு. நாளுக்குப் பாதி அதிகாரம் வாசித்தாலும் ஒரு மாதத்தில் இயேசுவின் ஊழியம் முழுவதையும் கூடவே நடந்து பார்த்துவிடலாம். மாற்குவிலிருந்து தொடங்குங்கள்; கூடவே ஒரு சங்கீதம் வாசியுங்கள்.

எது முதலில், ஜெபமா வாசிப்பா என்றும் பலர் கேட்டிருக்கிறார்கள். இதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு: வாசிப்பு முதலில் வரட்டும். இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் அனாதைப் பிள்ளைகளுக்கான இல்லங்களை நடத்திய ஜார்ஜ் முல்லர், ஜெபத்துக்காகவே பேர்பெற்றவர். அவர் பல ஆண்டுகள் காலையில் எழுந்தவுடன் நேராக ஜெபத்தில் இறங்குவதையே வழக்கமாக வைத்திருந்தார். முதல் பத்து நிமிடம், கால் மணி நேரம், சில நாட்களில் அரை மணி நேரம்கூட மனம் அலைந்துகொண்டே இருந்தது என்று எழுதியிருக்கிறார். பின்பு, 1841ஆம் ஆண்டின் குறிப்பில் சொல்லுகிறபடி, அவர் முறையை மாற்றிக்கொண்டார். முதலில் வேதத்தை வாசித்து, வசனம் வசனமாகத் தியானித்தார். சற்று நேரத்துக்குள்ளாகவே அந்தத் தியானம் தானாக அறிக்கையாகவும் ஸ்தோத்திரமாகவும் வேண்டுதலாகவும் மாறியது. தேவன் முதலில் பேசுகிறார், நாம் பதில் கொடுக்கிறோம். ஜெபிக்கத் தெரியாது என்று சொல்லுகிறவர்களுக்கு இது பெரிய விடுதலை. ஏனென்றால் வெறுமையிலிருந்து வார்த்தைகளை உண்டாக்கவேண்டிய பாரம் அவர்கள்மேல் இல்லை.

எடுத்துக்காட்டாக, மாற்கு பத்தாம் அதிகாரத்தின் பின்பகுதியை மெதுவாக வாசித்துப்பாருங்கள். யாக்கோபும் யோவானும் வந்து, நாங்கள் கேட்பதை எங்களுக்குச் செய்யவேண்டும் என்கிறார்கள். நான் உங்களுக்கு என்ன செய்யவேண்டும் என்று இயேசு கேட்கிறார். உமது வலதுபாரிசத்திலும் இடதுபாரிசத்திலும் உட்கார இடம் வேண்டும் என்கிறார்கள். இன்னும் சில வசனங்கள் தள்ளி, எரிகோவுக்கு வெளியே, வழியருகே உட்கார்ந்து பிச்சை கேட்டுக்கொண்டிருந்த பர்திமேயு என்ற குருடன் கூப்பிடுகிறான். பேசாதிரு என்று அநேகர் அதட்டுகிறார்கள். இயேசு நிற்கிறார். அவனிடமும் அதே கேள்வி: நான் உனக்கு என்ன செய்யவேண்டும்? அவன் பார்வையைக் கேட்கிறான். கூடவே நடந்தவர்கள் உயர்ந்த இடத்தைக் கேட்டார்கள். வழியருகே இருந்தவன் பார்வையைக் கேட்டு, அதைப் பெற்றவுடன் அதே வழியில் அவருக்குப் பின்சென்றான். அந்த வழி எருசலேமுக்கும் சிலுவைக்கும் போகிறது என்பதை நினைத்துக்கொண்டு அந்தக் கடைசி வரியை மறுபடியும் வாசியுங்கள்.

இவ்வளவையும் கவனிக்க அறிஞராக இருக்கவேண்டியதில்லை. இரண்டு முறை நிதானமாக வாசித்தால் போதும். இப்பொழுது வேதாகமத்தை மடியில் வைத்துக்கொண்டு, அந்தக் கேள்வியை அவர் உங்களிடமே கேட்பதாக எண்ணுங்கள். இன்றைக்கு நீங்கள் அவரிடம் கேட்க நினைத்திருந்தது இடமா, பார்வையா? அதற்கு உண்மையாகச் சொல்லும் பதில் எதுவோ அதுவே உங்கள் ஜெபம். அலங்காரமான ஜெப நடை எதுவும் வேண்டாம். அன்றைக்கு அது இரண்டு வாக்கியங்களில் முடிந்துவிட்டால் இரண்டு வாக்கியங்களே போதும். பின்பு உங்கள் வீட்டாரையும் நோயாளிகளையும் நீங்கள் வாக்குக் கொடுத்தவர்களையும் பெயர் சொல்லி நினையுங்கள். ஒரு சிறு குறிப்பேடு வைத்துக்கொண்டு அந்தப் பெயர்களை எழுதிவைப்பது நல்லது. உங்களுக்காக ஜெபிக்கிறேன் என்று சொல்லிவிட்டு மறந்துபோவது நம்மில் பலருக்கு வழக்கமாகிவிட்டது.

லேவியராகமத்துக்கும் ஒரு நாள் திரும்பி வாருங்கள். எபிரெயர் நிருபத்தை வாசித்த பிறகு வந்தால், அந்தப் பலிகளும் ஆசாரிய ஊழியமும் எதற்காக அவ்வளவு விரிவாகச் சொல்லப்பட்டிருக்கின்றன என்பது விளங்கும்.

கேள்வி: எனக்கு எட்டு மாதக் குழந்தை இருக்கிறது. இரவில் பல முறை எழுந்திருக்கவேண்டியுள்ளது. திருமணத்துக்கு முன் காலையில் ஒரு மணி நேரம் தியானம் செய்வேன். இப்பொழுது ஐந்து நிமிடம்கூட அமைதியாக உட்கார முடியவில்லை. தேவனைவிட்டு விலகிப்போய்விட்டேனோ என்று பயமாக இருக்கிறது.

பதில்: விலகிப்போகவில்லை, சகோதரி. விலகிப்போனவர்களுக்கு இந்தப் பயம் வருவதில்லை.

உங்கள் பழைய ஒரு மணி நேரத்தை இப்பொழுது அளவுகோலாக வைத்துக்கொள்ளாதீர்கள். நாட்டு மக்களுக்காகச் சட்டம் கொடுத்தபோதே, கையில் இருக்கிறதற்குத் தக்கபடி காணிக்கையின் அளவு மாறலாம் என்று தேவன் ஏற்பாடு செய்திருந்தார்; ஆட்டுக்குட்டிக்கு வழியில்லாதவள் இரண்டு புறாக்குஞ்சுகளைக் கொண்டுவரலாம் என்று ஒரு தாயைக் குறித்தே சொல்லப்பட்டிருக்கிறது (லேவியராகமம் 12:8). இயேசுவைக் கையில் ஏந்திவந்த மரியாள் கொண்டுவந்ததும் அந்த ஏழைத் தாயின் காணிக்கைதான் (லூக்கா 2:24). உங்கள் கையில் இருக்கும் ஐந்து நிமிடத்தை அவர் அற்பமாக எண்ணமாட்டார்.

சங்கீதம் 131க்கு மூன்றே வசனங்கள். "தாயின் பால்மறந்த குழந்தையைப்போல நான் என் ஆத்துமாவை அடக்கி அமரப்பண்ணினேன்" என்பது அதன் நடுவில் இருக்கிறது. அதை எழுதி, குழந்தைக்குப் பாலூட்டும் இடத்தில் கண்ணுக்குப் படும்படி ஒட்டிவையுங்கள். ஒரு வாரம் அந்த ஒரு சங்கீதம் மட்டுமே உங்களுடைய தியானமாக இருக்கட்டும். நள்ளிரவில் குழந்தையைத் தோளில் போட்டு நடக்கும்போது அதையே மெல்லச் சொல்லுங்கள். "இராச்சாமங்களில் உம்மைத் தியானிக்கிறேன்" என்று சொன்ன தாவீதும் தூக்கம் வராமல் விழித்திருந்தவர்தான் (சங்கீதம் 63:6). 17ஆம் நூற்றாண்டில் பாரிஸ் நகர மடம் ஒன்றின் சமையலறையில் ஊழியம் செய்த சகோதரர் லாரன்ஸ், பாத்திரங்களின் சத்தத்துக்கு நடுவிலும் தேவனோடு பேசிக்கொண்டிருக்கப் பழகியவர். சந்தடி இருக்கும் இடத்தில் தேவ சமுகம் இருக்காது என்று நினைக்கிறவர்களுக்கு அவருடைய வாழ்க்கை நல்ல பதில்.

உங்கள் கணவரும் இந்தப் பகுதியை வாசிப்பாரானால் அவருக்கும் ஒரு வார்த்தை. நாள்தோறும் இருபது நிமிடம் குழந்தையை நீங்கள் வாங்கிக்கொண்டு, கதவைச் சாத்திவிட்டு வெளியே வாருங்கள். உங்கள் மனைவியின் ஆத்துமாவுக்கு நீங்கள் செய்யக்கூடிய மிகப் பெரிய உதவிகளில் அது ஒன்று. உங்கள் சொந்தத் தியான நேரத்திலிருந்து அந்த இருபது நிமிடத்தை எடுக்கவேண்டியிருந்தாலும் எடுத்துக்கொடுங்கள்.

கேள்வி: காலையில்தான் தியானம் செய்யவேண்டுமா? நான் இரவு வேலை பார்க்கிறேன்.

பதில்: இல்லை. சங்கீதக்காரன் காலையையும் சொல்லுகிறார், "அந்தி சந்தி மத்தியான வேளைகளிலும்" என்றும் சொல்லுகிறார் (சங்கீதம் 55:17). நாளின் வேலை நம்மைப் பற்றிக்கொள்ளும் முன்பு வசனம் நம்மைப் பற்றிக்கொள்வதால் காலை பலருக்கு உகந்ததாக இருக்கிறது. உங்களுக்கு உறக்கம் கலைந்து எழும் நேரமே காலை. அதை ஒரே நேரமாக வைத்துக்கொள்ளுங்கள். நேரம் கிடைக்கும்போது செய்யலாம் என்று விட்டால் அந்த நேரம் கிடைப்பதில்லை.

கேள்வி: ஜெபிக்கத் தொடங்கியவுடன் மனம் எங்கெங்கோ ஓடுகிறது. வேதம் வாசிப்பதும் கைப்பேசியில்தான் என்பதால், நடுவில் வரும் செய்திகளைப் பார்த்துவிடுகிறேன்.

பதில்: கைப்பேசியைப் பொறுத்தவரை பதில் சுருக்கமானது. அச்சிட்ட வேதாகமம் ஒன்றை எடுத்துக்கொண்டு, கைப்பேசியை வேறொரு அறையில் வைத்துவிடுங்கள்.

மனம் அலைவது கைப்பேசிக்கு முன்பும் இருந்தது. 1535ஆம் ஆண்டில் மார்ட்டின் லூத்தருடைய முடிதிருத்துநர், எப்படி ஜெபிப்பது என்று அவரிடம் கேட்டார். லூத்தர் அந்த எளிய மனிதருக்காக ஒரு சிறு புத்தகத்தையே எழுதிக் கொடுத்தார். நல்ல முடிதிருத்துநர் தம் கண்ணையும் கருத்தையும் கத்தியின்மேலும் முடியின்மேலும் வைத்திருப்பார். அரட்டையில் மனதை விட்டால் எதிரே இருப்பவரின் மூக்கையோ வாயையோ அறுத்துவிடுவார். ஜெபமும் அப்படியே முழு மனதையும் கேட்கிறது என்று அதில் எழுதுகிறார். அதற்கு வழியாக, பத்துக் கட்டளைகளில் ஒன்றை எடுத்துக்கொண்டு நான்கு விதமாகச் சிந்திக்கச் சொல்லுகிறார்: இது எனக்கு என்ன கற்பிக்கிறது, எதற்காக நன்றி சொல்லவேண்டும், எதை அறிக்கையிடவேண்டும், எதை வேண்டிக்கொள்ளவேண்டும். மனதுக்கு ஒரு வேலை கொடுத்துவிட்டால் அது ஓடுவது குறைகிறது. அந்த நடுவில் ஆவியானவர் ஒரு காரியத்தை உங்கள் உள்ளத்தில் பேசத் தொடங்கினால், உங்கள் ஒழுங்குமுறையை விட்டுவிட்டு அமைதியாகக் கேளுங்கள் என்றும் அவர் சொல்லியிருப்பது எனக்கு மிகவும் பிடித்தமானது.

இன்னொன்றும் செய்துபாருங்கள். திரும்பத் திரும்ப வரும் எண்ணம் கடனைப் பற்றியதா, பிள்ளையின் தேர்வைப் பற்றியதா என்று கவனித்து, அதையே தேவனிடம் சொல்லிவிடுங்கள். உங்கள் மனம் ஓடும் இடத்தில்தான் உங்கள் பாரம் இருக்கிறது. பல நாட்களில் அதுதான் நீங்கள் ஜெபித்திருக்கவேண்டிய காரியமாகவும் இருக்கும்.

கேள்வி: காலைதோறும் கைப்பேசியில் எனக்கு ஒரு வாக்குத்தத்த வசனம் வருகிறது. அதை வாசித்து ஆமென் சொல்லிவிட்டு வேலைக்குப் போகிறேன். இது தியானம் ஆகாதா?

பதில்: தொடக்கமாக அது நல்லதே, அதை இழிவாகப் பேசமாட்டேன். நாளுக்கு ஒரு வசனம் என்ற வழக்கம் ஆழமான வேர் உடையது. ஜெர்மனியில் ஹெர்ன்ஹூட் என்ற இடத்தில் கூடிவாழ்ந்த மொரேவிய சகோதரர்கள் என்ற கிறிஸ்தவக் கூட்டத்தாருக்கு, சின்சென்டார்ஃப் பிரபு 1728ஆம் ஆண்டு முதல் நாள்தோறும் ஒரு வசனத்தைக் கொடுக்கத் தொடங்கினார். 1731ஆம் ஆண்டுக்கானது முதன்முதலாக அச்சாகி வெளிவந்தது. அந்த வரிசை இன்றும் பல மொழிகளில் தொடர்கிறது. ஆனால் அவர்கள் அந்த வசனத்தை நாள் முழுவதும் பேசிக்கொண்டார்கள், சேர்ந்து பாடினார்கள், ஜெபித்தார்கள்.

வசனம் தனியாகத் துண்டிக்கப்பட்டு வரும்போது ஓர் ஆபத்து இருக்கிறது. எரேமியா 29:11 பலருக்கும் மனப்பாடம்: "அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே." அதற்கு முந்தின வசனத்தைப் பார்த்திருக்கிறீர்களா? பாபிலோனில் எழுபது வருஷம் நிறைவேறினபின்பு உங்களைச் சந்திப்பேன் என்று கர்த்தர் சொல்லுகிறார். இது பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப்போனவர்களுக்கு எரேமியா எழுதிய கடிதம்; அதைக் கேட்டவர்களில் முதியவர்கள் அந்த நாளைப் பார்க்கப்போவதில்லை. இன்னும் சற்று மேலே, வீடுகளைக் கட்டுங்கள், தோட்டங்களை நாட்டுங்கள், நீங்கள் சிறைப்பட்டுப்போன பட்டணத்தின் சமாதானத்துக்காக ஜெபியுங்கள் என்று இருக்கிறது. இந்த முழுமையோடு வாசித்தால் வாக்குத்தத்தம் சிறுத்துப்போவதில்லை. நீண்ட காத்திருப்பின் நடுவிலும் பற்றிக்கொள்ளத்தக்கதாக அது உறுதிப்படுகிறது. ஆகவே காலையில் வரும் வசனத்தைப் பார்த்ததும் வேதாகமத்தில் அந்த அதிகாரத்தைத் திறந்து முழுவதையும் வாசியுங்கள். கூடுதலாக ஆகப்போவது சில நிமிடங்களே.

கேள்வி: சென்ற வாரம் அவசரத்தில் தியானம் செய்யாமல் கிளம்பினேன், அன்றைக்கே வண்டியிலிருந்து விழுந்து கையில் அடிபட்டது. இது தேவனுடைய தண்டனையா?

பதில்: அல்ல. தியானம் என்பது ஆபத்துக்கு எதிராக நாள்தோறும் கட்டிக்கொள்ளும் தாயத்து அல்ல. அப்படி இருந்திருந்தால் தினம் மூன்று வேளை ஜெபித்த தானியேல் சிங்கக் கெபியின் பக்கமே போயிருக்கமாட்டான். அந்த ஜெபத்துக்காகவே அவனைக் கெபியில் போட்டார்கள். கிறிஸ்து இயேசுவுக்குட்பட்டவர்களுக்கு ஆக்கினைத்தீர்ப்பில்லை என்று எழுதியிருக்கிறது. தவறவிட்ட ஒரு காலைக்கு அந்த வசனம் செல்லாது என்று யாரும் எழுதிவைக்கவில்லை. தேவனுடைய இரக்கங்கள் "காலைதோறும் புதியவைகள்" என்று எரேமியா சொன்னது, எருசலேம் இடிந்துகிடந்த காலத்தின் புலம்பலுக்குள். நாளைக்கு உட்காரும்போது, விட்டுப்போன நாட்களுக்குச் சேர்த்து வாசித்துக் கணக்கைச் சரிசெய்ய முயலாமல், அன்றைய பகுதியை மட்டும் வாசியுங்கள். கை விரைவில் குணமாகட்டும்.

கேள்வி: என் தாயார் இறந்து சில மாதங்கள் ஆகின்றன. வேதத்தைத் திறந்தால் எழுத்துகள் தெரிகின்றன, ஒன்றும் உள்ளே போகவில்லை. முழங்காற்படியிட்டால் அழுகைதான் வருகிறது. உணர்வே இல்லாமல் ஜெபிப்பது மாய்மாலம் அல்லவா?

பதில்: உங்கள் கடிதத்தைப் பல முறை வாசித்தேன். உங்கள் தாயாரை இழந்த துக்கத்தில் நாங்களும் பங்குகொள்ளுகிறோம்.

உள்ளத்தில் இல்லாததை இருப்பதாக மனிதருக்குக் காட்டுவதே மாய்மாலம். நீங்கள் யாருக்கும் எதையும் காட்டவில்லை. ஒன்றும் இல்லாத கையோடு தேவனுக்கு முன்பாக வந்து நிற்கிறீர்கள். வேதம் அதற்கு இடம் கொடுக்கிறது. சங்கீதம் 88ஐ வாசித்துப்பாருங்கள். மற்ற பல துக்கச் சங்கீதங்கள் முடிவில் துதியாகத் திரும்புகின்றன, இது திரும்புவதில்லை. சிநேகிதரும் அறிமுகமானவர்களும் மறைந்துபோனார்கள் என்ற இருளோடேயே முடிகிறது. அப்படிப்பட்ட சங்கீதத்தின் நடுவில், "காலையிலே என் விண்ணப்பம் உமக்கு முன்பாக வரும்" என்று ஒரு வரி நிற்கிறது. அவருக்கு ஆறுதல் வந்ததாக எழுதப்படவில்லை, ஆனாலும் காலையில் வந்தார். அந்த ஜெபத்தைத் தேவன் தம்முடைய வேதத்திலேயே வைத்துக்கொண்டார்.

பிள்ளையில்லாத துக்கத்தோடு ஜெபித்த அன்னாளின் வாயிலிருந்து சத்தம் வரவில்லை, உதடுகள் மட்டும் அசைந்தன. ஆசாரியனாகிய ஏலியே அவள் வெறித்திருக்கிறாள் என்று நினைத்தான். பக்கத்தில் இருந்த ஆசாரியனுக்கு விளங்காத அந்த ஜெபத்தைக் கர்த்தர் கேட்டார். நாம் ஏற்றபடி வேண்டிக்கொள்ள அறியாதிருக்கும்போது ஆவியானவர்தாமே "வாக்குக்கடங்காத பெருமூச்சுகளோடு" நமக்காக வேண்டுதல்செய்கிறார் என்று பவுல் எழுதுகிறார் (ரோமர் 8:26). தேவனே முதலில் பேசுகிறார் என்று மேலே சொன்னேன். பதில் சொல்ல நமக்கு வார்த்தை இல்லாத நாளில் அந்தப் பதிலையும் அவரே நமக்குள் இருந்து ஏறெடுக்கிறார். இந்தச் சத்தியத்தை நான் வேறெதையும்விட உங்களுக்குக் கொடுக்க விரும்புகிறேன்.

ஆகவே இப்போதைக்கு நீண்ட வாசிப்பை ஒதுக்கிவையுங்கள். சங்கீதம் 13, 23, 88, 130 ஆகியவற்றில் ஒன்றை நாளுக்கு ஒரு முறை சத்தமாக வாசியுங்கள். உள்ளே போகிறதா என்று சோதித்துக்கொண்டிருக்கவேண்டாம். கர்த்தருடைய ஜெபத்தைச் சொல்லுங்கள். அழுகை வந்தால் அழுங்கள். சபையில் நம்பிக்கைக்குரிய ஒருவர் வாரம் ஒரு முறை உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து வசனம் வாசிக்கட்டும், நீங்கள் கேட்டாலே போதும்.

சோர்ந்துபோன எலியா சூரைச்செடியின் கீழ் படுத்துச் சாக விரும்பியபோது, தேவதூதன் முதலில் அவனுக்கு உபதேசம் செய்யவில்லை. எழுந்து சாப்பிடு என்றான், மறுபடியும் தூங்கவிட்டான், இரண்டாந்தரமும் எழுப்பிச் சாப்பிடச் சொன்னான். ஓரேப் மலையில் தேவனுடைய அமர்ந்த மெல்லிய சத்தம் அவனுக்குக் கேட்டது அதற்கெல்லாம் பிறகுதான். தூக்கமும் உணவும் தொடர்ந்து கெட்டிருந்தால், அல்லது உயிர்வாழ விருப்பமில்லை என்ற எண்ணம் வந்தால், தாமதிக்காமல் மருத்துவரைப் பாருங்கள். அது விசுவாசக் குறைவு அல்ல.

கேள்வி: என் தகப்பனார் அதிகாலை நான்கு மணிக்கு எழுந்து இரண்டு மணி நேரம் ஜெபிப்பவர். ஆனால் ஜெப அறையிலிருந்து வெளியே வந்ததும் அம்மாவிடமும் எங்களிடமும் கடுஞ்சொல்லாகத்தான் பேசுவார். அதைப் பார்த்துப் பார்த்துத் தனி ஜெபம் என்றாலே எனக்கு வெறுப்பு வந்துவிட்டது.

பதில்: மகளே, உங்கள் வெறுப்பு எங்கிருந்து வருகிறது என்பது விளங்குகிறது. உபவாசித்துக்கொண்டே வழக்காடினவர்களையும், துஷ்டத்தனத்தையுடைய கையினால் குத்தினவர்களையும் ஏசாயா 58ஆம் அதிகாரத்தில் கர்த்தர் எவ்வளவு கடுமையாகக் கேள்வி கேட்கிறார் என்று பாருங்கள். நீங்கள் வருந்துகிற காரியம் தேவனையும் வருத்துகிறது.

இதை வாசிக்கும் தகப்பன்மார்களுக்கும் கணவன்மார்களுக்கும் வெளிப்படையாகச் சொல்லவேண்டியிருக்கிறது. மனைவியோடு விவேகத்தோடு வாழ்ந்து அவளைக் கனம்பண்ணும்படி பேதுரு சொல்லும்போது, "உங்கள் ஜெபங்களுக்குத் தடைவராதபடிக்கு" என்ற காரணத்தையும் சேர்த்தே எழுதுகிறார் (1 பேதுரு 3:7). அறைக்குள் இரண்டு மணி நேரம் ஏறெடுக்கிற விண்ணப்பத்துக்கு, அறைக்கு வெளியே இரண்டு நிமிடம் பேசுகிற பேச்சு தடையாக நிற்கமுடியும் என்பது இதன் பொருள். பிள்ளைகளைக் கோபப்படுத்தாதிருங்கள் என்றும் பிதாக்களுக்கே எழுதப்பட்டிருக்கிறது (எபேசியர் 6:4). காணிக்கையைப் பலிபீடத்தின் முன்னே வைத்துவிட்டு முதலாவது சகோதரனோடே ஒப்புரவாகு என்று கர்த்தர் சொன்னார். அந்த வார்த்தையின்படி, சில காலைகளில் ஜெப அறையைவிட்டு எழுந்துபோய் மனைவியிடம் மன்னிப்புக் கேட்பதுதான் முதல் ஜெபமாக இருக்கவேண்டும். நீண்ட நேரம் ஜெபிக்கிறவர்களுக்கு வரும் ஆபத்து இதுதான்: பேசிக்கொண்டே இருப்பதில் கேட்பதை மறந்துவிடுகிறார்கள். வசனத்துக்கு முன்பாக அமைதியாக உட்கார்ந்து, இது என்னைக் குறித்து என்ன சொல்லுகிறது என்று கேட்கிறவருடைய குரல் வீட்டுக்குள் நாளடைவில் தணியாமல் இருப்பது கடினம்.

உங்களுக்குச் சொல்லவேண்டியது வேறு. உங்கள் தகப்பனாரின் குறையை வைத்து, உங்களுக்கென்று திறந்திருக்கிற கதவை நீங்களே சாத்திவிடாதீர்கள். "அந்தரங்கத்தில் பார்க்கிற உன் பிதா" என்று இயேசு சொன்னவர், உங்கள் வீட்டில் நீங்கள் கேட்ட கடுஞ்சொற்களையும் பார்த்துக்கொண்டிருந்தவர். அவரிடம் முதல் நாள் நீங்கள் சொல்லவேண்டியது இந்த வெறுப்பைத்தான். அதை மறைத்துவைத்துவிட்டு நல்ல வார்த்தைகளைத் தேடவேண்டாம். வீட்டில் கடுஞ்சொல் அடியாகவோ மிரட்டலாகவோ மாறியிருந்தால், நீங்களும் தாயாரும் அதை உள்ளேயே வைத்துக்கொள்ளாமல், பாதுகாப்பாக உதவக்கூடிய ஒருவரிடம் உடனே சொல்லுங்கள்.

அப்படி இல்லையென்றால், தகப்பனார் அமைதியாக இருக்கும் ஒரு நேரத்தில், நீங்களோ தாயாரோ நேரடியாக அவரிடம் பேசிப்பாருங்கள். அவருடைய ஜெபத்தைக் குறைசொல்லாமல், "அப்பா, நீங்கள் ஜெபித்துவிட்டு வெளியே வந்ததும் எங்களோடு கால் மணி நேரம் உட்கார்ந்து பேசுங்கள், அன்றைக்கு வாசித்த பகுதியை எங்களுக்கும் சொல்லுங்கள்" என்று கேளுங்கள். வேண்டுமானால் உங்கள் போதகரையும் துணைக்கு அழைத்துக்கொள்ளலாம்.